சும்மாவுக்கு விரல் இல்லை

உடுமலைப்பேட்டை மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்கிறவன் ஒன்று வெளியூர்க்காரனாக இருப்பான், இல்லை மாட்டை விற்க மனமில்லாதவனாக இருப்பான். மற்றவர்களுக்குத் துண்டு இருக்கிறது. தரகர் நடுவில் நின்று, துண்டுக்கடியில் விற்பவன் விரலை ஒருதரம் பிடிப்பார், வாங்குபவன் விரலை ஒருதரம் பிடிப்பார். ஒரு விரல் நூறு ரூபாய், ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐநூறு. சுற்றி நிற்கிற ஐம்பது பேருக்கும் துண்டு அசைவதுதான் தெரியும். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், திங்கட்கிழமை சந்தைக்கு வருகிறவர்கள் முகத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் வருவார்கள்.

அந்தத் துண்டுக்கடியில் முப்பது வருஷம் கை வைத்தவர் தரகர் சுப்பண்ணன். 1968ஆம் வருஷம் ஆடியில் அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. இரண்டு பெண்களையும் கொடுமுடிப் பக்கமும் சத்தியமங்கலத்துப் பக்கமும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் அவரும் மனைவி செல்லாத்தாளும் இரண்டு எருமைகளும். இரண்டு ஏக்கர் மேட்டாங்காடு மழை பெய்தால் சோளம் கொடுக்கும், பெய்யாவிட்டால் வேலிமுள் கொடுக்கும். அடுப்பு எரிவது தரகில்தான்.

அவருக்குக் கண் புரை விழுந்து இரண்டு வருஷமாகிவிட்டது. உலகத்தின்மேல் பாலாடை படிந்த மாதிரி இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பல்லைக் கட்டைவிரலால் எண்ணினார். கொம்பின் வளையத்தைத் தடவி வயது சொன்னார். மயிர்ச் சுழியை விரல்நுனியால் தேடினார். நிறம் மட்டும் கைக்கு அகப்படாது. அதற்குப் புளியமரத்தடியில் கயிறும் சலங்கையும் விற்கிற அக்பர் அலி இருந்தார். மாடு கடையைத் தாண்டும்போது, "மயிலை நல்ல எடுப்பா இருக்குதுங்" என்று கயிற்றைப் பார்த்துக்கொண்டே அவர் சொல்வார். சுப்பண்ணன் ஏற்கெனவே பார்த்துவிட்டவர்போலத் தலையாட்டுவார். இதில் வேடிக்கை, பாதிக் கண்ணை மூடிக்கொண்டே மாடு மதிக்கிறவர் என்று அவர் பேர் இன்னும் ஏறியதுதான்.

பேரைக் கவிழ்த்தது ஆடிச் சாரல். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடித்துக்கொண்டு சாரலும் சேர்ந்த ஒரு திங்கட்கிழமை, நாச்சியம்மாளுக்கு ஓர் உழவுக்காளை பிடித்துக் கொடுத்தார். நனைந்த மயிர் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. விரலுக்கு எல்லாம் வழுவழுவென்றுதான் இருந்தது. மூன்றாம் வாரம் வெயில் வந்து காளை காய்ந்தபோது, திமிலுக்குப் பின்னால் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் இரண்டு சுழி எழுந்து நின்றது. பாடைச்சுழி. அந்தச் சுழியுள்ள மாட்டைக் கட்டிய வீட்டில் பாடை கட்டுவார்கள் என்பது சந்தைச் சாத்திரம். சின்னப் பையனும் தவறவிடாத சுழி அது.

புதன்கிழமை நாச்சியம்மாள் காளையோடு வந்தாள். கணவன் போனபின் எட்டு ஏக்கர் தோட்டத்தைத் தனியாக ஓட்டுகிறவள். காளையைக் கட்டுத்தறியில் கட்டினாள். செல்லாத்தாள் கொடுத்த மோரைக் குடித்து, சொம்பைக் கழுவிக் கவிழ்த்தாள். அதற்குப் பிறகுதான் பேசினாள்.

"ஏனுங்கண்ணா, இந்தச் சுழி உங்க கண்ணுக்குத் தெரியலீங்களா, இல்லை தெரிஞ்சும் தெரியாதாட்ட இருந்துபோட்டீங்களா?"

சுப்பண்ணன் பணத்தைத் திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னார்.

"பணம் கேக்க வரலீங். பாடைச்சுழி ஊட்டு ஆம்பளையைக் கொண்டுபோயிருமும்பாங்க. எங்கூட்டு ஆம்பளை போயிப் பத்து வருசமாச்சு. இனிப் போறதுக்கு நானொருத்திதான் பாக்கி. எனக்குச் சுழிமேல பயமில்லீங்ணா. உங்கமேலதான் பயமா இருக்குது. வார திங்கக்கெழமை சந்தையில, நாலு பேரு இருக்கறப்ப எனக்குப் பதில் சொல்லோணும். அதுவரைக்கும் காளை இங்கயே நிக்கட்டும்."

அவள் போய்விட்டாள். குருடு என்று சொன்னால் தொழில் போகும். களவு என்று சொன்னால் பேர் போகும். தரகனுக்கு இரண்டும் ஒரே நுகத்தில் பூட்டிய எருதுகள். ஒன்று படுத்தால் மற்றதும் படுத்துவிடும். சுப்பண்ணன் காளையின் முதுகைத் தடவிப் பார்த்தார். காய்ந்த மயிரில் இரண்டு சுழியும் விரலுக்கு நன்றாகவே தட்டுப்பட்டன.

அன்றைக்குச் செல்லாத்தாள் அரிசீம்பருப்புச் சோறு ஆக்கி, நெய்யைக் கொஞ்சம் தாராளமாக விட்டாள். நெய் தாராளமாக விழுந்தால் பின்னாலேயே ஒரு பேச்சு விழும் என்று அவருக்குத் தெரியும். விழுந்தது. ஊருக்குள் ஒரு வாரமாக ஒரு ஜீப் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு சுற்றுகிறதே, சத்திரத்தில் கண்புரை அறுத்து விடுகிறார்களாமே, பெரிய பேங்க்காரர்கள் செலவாமே, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கோயமுத்தூர் டாக்டர்கள் வருகிறார்களாமே, அங்கே போனால் என்ன என்று கேட்டாள்.

அந்த வங்கிக்குப் பம்பாயில் தலைமை அலுவலகம். மில் முதலாளிக்கும் பருத்திக் கமிஷன் மண்டிக்கும்தான் வங்கிகள் கதவைத் திறக்கின்றன, குடியானவனுக்கு என்ன செய்தன என்று டில்லியில் பேச்சுக் கிளம்பியிருந்த காலம். பேச்சு பம்பாய்க்குப் போய், பம்பாயிலிருந்து சுற்றறிக்கையாக உடுமலைக்கு வந்து, கண் சிகிச்சை முகாமாக இறங்கியிருந்தது. கடைவீதியில் குறுக்கே கட்டிய துணியில் ஆளுயர எழுத்தில் 'முற்றிலும் இலவசம்' என்று எழுதியிருந்தது.

அந்த வார்த்தையில்தான் சுப்பண்ணன் நின்றார். முப்பது வருஷத்தில் ஒரு மாட்டைக்கூட எவனும் சும்மா கொடுத்து அவர் பார்த்ததில்லை. கொடுத்தால், அது உதைக்கிற மாடாக இருக்கும், படுக்கிற மாடாக இருக்கும், இல்லை திருட்டு மாடாக இருக்கும். "சும்மா குடுக்கறாங்கன்னா ஏதோ கோளாறு இருக்கோணும் புள்ள. இன்னைக்குக் கண்ணைக் குடுத்துப்போட்டு நாளைக்குக் காட்டுப் பத்திரத்தைக் கேப்பாங்க."

"நா முப்பத்தஞ்சு வருசமா உங்களுக்குச் சும்மாதானுங்க சோறாக்கிப் போடறேன்" என்றாள் செல்லாத்தாள். "அதுல என்ன கோளாறு கண்டீங்க?"

"அப்பப்ப உப்புக் கம்மி."

அவள் வட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

சனிக்கிழமை காலை அந்த ஜீப்பே வாசலில் வந்து நின்றது. இறங்கியவர் உடுமலைக் கிளையை நடத்துகிற வங்கி ஏஜெண்ட் பாலகோபால். பீளமேட்டுப் பக்கத்து மில்காரக் குடும்பம். படித்துவிட்டு மில்லுக்குப் போகாமல் வங்கிக்கு வந்தவர். கூட அக்பர் அலி. சந்தையில் சுப்பண்ணன் சொன்னால்தான் சனம் நம்பும், அவரை ஒருவார்த்தை சொல்ல வைத்துவிட்டால் போதும் என்று அக்பர் அலிதான் கூட்டிவந்திருந்தார். ஏஜெண்ட் கட்டிலில் உட்கார்ந்து, நல்ல கனத்த குரலில் முகாமைப் பற்றி விளக்கினார். சுப்பண்ணன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறர் கண்ணைப் பற்றித் தான் என்ன சொல்ல முடியும், அவரவர் விருப்பம் என்று நழுவினார்.

காப்பி கொண்டுவந்த செல்லாத்தாள் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். "அடுத்தவங்களைக் கூட்டியாறது இருக்கட்டுங்க. இவுங்களுக்கே கண்ணு தெரியாதுங்க. ரெண்டு வருசமாச்சு."

அக்பர் அலி கூரையைப் பார்த்தார். காற்று வெளியே தென்னையைப் போட்டு உலுக்கியது. முப்பது வருஷம் விலையை வெளியே விடாதவருடைய வீட்டு ரகசியம் ஒரு தம்ளர் காப்பியோடு வெளியே வந்துவிட்டது. சுப்பண்ணன் கோபப்படவில்லை. சரக்கு அவிழ்ந்துவிட்டால் மூடப் பார்ப்பவன் வியாபாரி அல்ல. தோளிலிருந்த துண்டை எடுத்து வலது கைமேல் போட்டு, ஏஜெண்ட் பக்கம் நீட்டினார்.

"கையைக் குடுங்க. இந்தக் கண்ணுக்கு என்ன வெலை?"

ஏஜெண்ட் கையைக் கொடுத்தார். சுப்பண்ணன் ஒரு விரலைப் பிடித்தார். நூறு ரூபாய் என்கிறார் என்று அக்பர் அலி பக்கத்திலிருந்து சொன்னார். ஏஜெண்ட் பதறி, ஒன்றுமே வேண்டாம், ஒரு பைசா வாங்கக்கூடாது, தலைமை அலுவலக உத்தரவு என்றார்.

"ஒண்ணுமே வேண்டாங்கறதுக்கு விரல் இல்லீங்களே. நான் எதைப் புடிக்கறது?"

ஏஜெண்ட் யோசித்துப் பார்த்துவிட்டு, பிடிக்க விரலே இல்லாமல் கையை இறுக மூடிக்கொண்டார். துண்டுக்கடியில் மூடிய கையைச் சுப்பண்ணன் தன் ஆயுளில் தொட்டதில்லை. விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் முகத்தில் சந்தைக் களை வந்தது.

"ஏனுங்க, கை வேர்க்குது. வாங்கறவனுக்குத்தான் கை வேர்க்கும். குடுக்கறவருக்கு எதுக்கு வேர்க்குது?"

அதற்குமேல் ஏஜெண்டால் அடக்க முடியவில்லை. சத்திரத்தில் அறுபது கட்டில் போட்டாயிற்று. இரண்டு டாக்டர், நான்கு நர்ஸ். பம்பாயிலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வருகிறார். பத்து நாள் ஜீப் சுற்றியதில் பேர் கொடுத்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் வங்கி வாட்ச்மேனின் மாமனார். ஆள் சேராவிட்டால், இந்த ஊருக்கு எதுவும் வேண்டியதில்லை என்று எழுதி வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். தன்னையும் எங்காவது தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

"அப்படிச் சொல்லுங்க" என்றார் சுப்பண்ணன். அவர் குரலே மாறிவிட்டது. "நீங்க விக்க வரலீங்க. வாங்க வந்திருக்கறீங்க. உங்களுக்கு வேண்டியது கண்ணுத் தெரியாத சனம். அந்தச் சரக்கு எங்ககிட்டத்தான இருக்குது?"

அவர் நிபந்தனைகளைச் சொல்லத் தொடங்கினார். கடைவீதித் துணியில் இலவசம் என்கிற வார்த்தையை முதலில் எடுக்க வேண்டும். ஜனங்களை விரட்டுவது அதுதான். வருகிறவர் ஆளுக்கு ஒரு படி அரிசியோ, நாலு தேங்காயோ, ஒரு கட்டு விறகோ கொண்டுவருவார்கள். ரொட்டியும் பாலும் கொடுத்து ஏமாற்றாமல் அதிலேயே ஆக்கிப் போட வேண்டும். நோயாளியோடு வீட்டாள் ஒருவர் இருப்பார், அவருக்கும் சோறு.

"தலைமை ஆபீஸ்ல பைசா வாங்கக்கூடாதுன்னு எழுத்துல இருக்குங்களே" என்றார் ஏஜெண்ட்.

"பைசா யாருங்க குடுக்கறா? அரிசின்னு எழுதியிருக்குதா?"

ஏஜெண்ட் சட்டைப்பையிலிருந்து சுற்றறிக்கையை எடுத்து முழுக்கப் படித்தார். அரிசி என்று இல்லை. தேங்காயும் இல்லை. விறகைப் பற்றிப் பம்பாயில் எவரும் நினைத்துப் பார்க்கவேயில்லை.

"சரிங்க. உங்களுக்கு என்ன தரகு?"

சுப்பண்ணன் கொஞ்சம் யோசித்தார். இரண்டு கண்ணையும் கேட்டால் பேரம் உடைந்துவிடும். எதிரே இருப்பவர் குரல் கனத்த ஆள், நாலு ஊர் பார்த்த ஆளாக இருக்க வேண்டும். மூடியிருந்த கை இப்போது திறந்திருந்தது. அதில் ஒரே ஒரு விரலைப் பிடித்தார்.

"என்ற கண்ணு. ஒண்ணு. மொதக் கத்தி எனக்கு வெக்கோணும். முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஜீப் போன பிறகு செல்லாத்தாளிடம், இனி இது சும்மா வந்த கண் இல்லை, தரகில் வருகிற கண் என்று சொன்னார். எதில் வந்தால் என்ன, வந்தால் சரி என்று அவள் எருமைக்குத் தண்ணீர் காட்டப் போனாள். ஆனால் தரகுக்கு முன்னால் திங்கட்கிழமை ஒன்று நடுவில் கிடந்தது. அது அவளுக்கும் தெரியும். ஞாயிறு முழுக்க இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை சந்தைக்கு அவள் தானும் வந்தாள். காளைக் கயிற்றை முன்னால் அவள் பிடித்து நடந்தாள், அதன் நுனி கணவனின் கையில். புளியமரத்தடியில் நாச்சியம்மாள் நின்றிருந்தாள். எதிர்பார்த்ததுபோலவே நாலு பேர் என்பது நாற்பது பேராக இருந்தது. சந்தையில் ஒரு வழக்கு என்றால் மாடு விற்பவன்கூட விலையைப் பாதியில் விட்டுவிட்டு வருவான்.

"நாச்சியம்மா என்னையொரு கேள்வி கேட்டுதுங்க" என்று தொடங்கினார் சுப்பண்ணன். "சுழி தெரியலியா, தெரிஞ்சு மறைச்சயான்னு. தெரியலீங்க. சுழி மட்டுமில்லை, இந்தக் காளைக்கு என்ன நெறம்னே எனக்குத் தெரியாது. ரெண்டு வருசமாக் கண்ணுல பொரை. சொன்னா யாவாரம் போயிரும்னு சொல்லலை. கையால பாத்தேன். மழையில கை ஏமாந்துபோச்சு. மறைச்சது என்ற கண்ணைத்தான், மாட்டை இல்லை."

அக்பர் அலி ஒரு கயிற்றின் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். எதிர்த்தரகர் செங்கோடன்தான் முதலில் வாயைத் திறந்தார். பல வருஷமாகக் காத்திருந்த சந்தர்ப்பம்.

"அப்ப ரெண்டு வருசமா எங்க மாட்டையெல்லாம் பாக்காமயேதான் புடிச்சயா சுப்பண்ணா?"

"பாத்திருந்தா உன்ற மாட்டை எதுக்கப்பா புடிக்கறேன்?"

சிரிப்பு கிளம்பியது. செங்கோடனும் வேறு வழியில்லாமல் கொஞ்சம் சிரித்தார். ஆனால் நாச்சியம்மாள் சிரிக்கவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சுப்பண்ணன் மட்டும் அவள் குரல் வரவேண்டிய திசைக்குக் காதைத் திருப்பிக்கொண்டு நின்றார். முப்பது வருஷத்துப் பேர் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரவேண்டும், இல்லை போகவேண்டும்.

அவள் வந்து செல்லாத்தாள் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

"கண்ணுத் தெரியலீன்னா வைத்தியம் இருக்குதுங்ணா. மத்ததுக்குத்தான் இல்லை. காளை நல்லாத்தான் உழுகுது. சுழி முதுகுலதான இருக்குது, காலுலயா இருக்குது? நானே ஓட்டிட்டுப் போறேன்."

சுப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். அடுத்த மூச்சிலேயே முகாமை விலைக்கு வைத்தார். ஒரு மாட்டை எப்படிச் சொல்வாரோ அப்படியே சொன்னார். கோயமுத்தூர் டாக்டர், பழக்கமான கை. எட்டு நாள் கட்டில், சோறு. பேங்க்காரன் சும்மா தருகிறேன் என்றான், நான் ஒப்பவில்லை. ஒரு படி அரிசிக்குப் பேசி முடித்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை முதல் ஆளாக நான் படுக்கிறேன். கண் போனால் முதலில் என் கண்தான் போகும்.

விலை என்று ஒன்று வந்ததும் கூட்டத்துக்கு உயிர் வந்தது. விலை இருந்தால் பேசலாம். அரிசிக்குப் பதில் கம்பு ஆகுமா என்றார் ஒருவர். ஆகும். அரைப்படிக்கு முடிக்க முடியாதா என்றார் இன்னொருவர்.

"ஏற்கெனவே ஒரு கண்ணு நல்லாத் தெரியறவனுக்கு அரைப்படிங்க" என்றார் சுப்பண்ணன்.

ஜீப்பருகே தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த ஏஜெண்ட், சந்தை கலைவதற்குள் முப்பத்தொன்பது பேர் எழுதினார். கொண்டுவந்த காகிதம் போதாமல் சலங்கை சுற்றி வந்த காகிதத்தை அக்பர் அலியிடம் வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் சத்திரத்து வாசலில் வண்டிகள் நின்றன. அறுபது கட்டிலும் நிரம்பி, பாய் விரித்தும் படுக்கவைத்தார்கள். நாச்சியம்மாள் தன் அண்ணனை அதே காளை பூட்டிய வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, படியில் தலை தட்டாமல் கோபுரமாக அரிசி அளந்து கொட்டினாள். ஒரு மூலையில் அரிசி, ஒரு மூலையில் தேங்காய், வெளியே விறகு. பம்பாயிலிருந்து வந்த அதிகாரி இது என்ன கடை என்று கேட்டார். ஊர் வழக்கம் என்று ஏஜெண்ட் சொன்னார். மத்தியானம் கொள்ளுப்பருப்புக் கடைந்து போட்டபோது அதிகாரி இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கினார். அதற்குப்பின் அந்தக் கேள்வி வரவில்லை.

முதல் கத்தி சொன்னபடியே சுப்பண்ணனுக்குத்தான். முடிந்ததும் தலையின் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையக்கூடாது என்றார்கள். பிழைப்பையே தலையாட்டி நடத்துகிற ஜனங்கள், தலையை ஆட்டாமல் 'சரிங்க' சொல்லப் படித்துக்கொண்டார்கள். கட்டுப்போட்ட கண்ணோடு வரிசையாகப் படுத்து, கூரைக்கு முகம் காட்டியபடி பருத்தி விலையும் அமராவதி அணையில் தண்ணீர் நின்ற அளவும் பேசினார்கள். செல்லாத்தாள் கணவனுக்கு ஊட்டிவிட்டாள். உப்புக் கம்மி என்று அவர் எட்டு நாளில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் கரண்டி வந்துவிடும் நிலைமையில் இருந்தார். பயம் மட்டும் இருந்தது. கட்டுக்குள்ளே இருந்தது வெளிச்சமா இருட்டா என்று அவருக்கே தெரியவில்லை. அவர் கண் திறக்காவிட்டால் அவரை நம்பிப் படுத்த அத்தனை பேரும் அவரைத்தான் பார்ப்பார்கள், பார்க்க முடிந்தவரைக்கும்.

எட்டாம் நாள் டாக்டர் கட்டை அவிழ்த்து, சோடாபாட்டில் அடிப்பாகம் போன்ற கண்ணாடியை மாட்டிவிட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். சுப்பண்ணன் எதிரே நின்றவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்புள்ள, தலையெல்லாம் இப்படி நரைச்சுப்போச்சு?"

"அது நரைச்சு ரெண்டு வருசமாச்சுங்க" என்றாள் செல்லாத்தாள். "உங்களுக்கு இன்னைக்குத்தான் சேதி வந்திருக்குது." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். கட்டில் வரிசை முழுக்க, "தெரியுதாம், தெரியுதாம்" என்று சேதி ஓடியது.

அதைக் கேட்டு ஏஜெண்ட் வேகமாக உள்ளே வந்து, கட்டிலருகே நின்று, கனத்த குரலில் விசாரித்தார். சுப்பண்ணன் குரல் வந்த திசைக்குத் திரும்பினார். அங்கே, மீசை அடர்த்தியாக வராத, காலர் கழுத்துக்குப் பெரிதாக இருந்த ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். சுப்பண்ணன் அவனுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

"நீங்கதானுங்களா ஏஜெண்ட்?"

"நான்தானுங்க."

"வயசு என்னங்க ஆகுது?"

"இருவத்தாறுங்க."

சுப்பண்ணன் தலையணையில் மெதுவாகச் சாய்ந்தார். ஆயிரம் மாட்டுக்குப் பல் பார்த்து வயது சொன்ன மனிதர், கனத்த குரலை நம்பி ஏமாந்திருக்கிறார். இன்னும் பாலாடை படிந்திருந்த இடது கண்ணை ஒரு கையால் மூடிக்கொண்டு, வலது கண்ணால் ஏஜெண்டை இன்னொருதரம் நிதானமாக மதிப்புப் போட்டார்.

"அன்னைக்கே தெரிஞ்சிருந்தா" என்றார், "ரெண்டு விரலாப் புடிச்சிருப்பேன்."